துறைமுகத்துப் பிள்ளைகளின் பேனர்

என் தம்பி அன்வர் பதினைந்து வருடமாக ஒரு ஆட்டம் விடாமல் கால்பந்து மைதானத்துக்குப் போகிறான். இதுவரை ஒரு கோலைக்கூடப் பார்த்ததில்லை. அவன் கபோ. ரசிகர் கூட்டத்துக்கு முன்னால் கம்பித் தடுப்பின்மேல் ஏறி நின்று, ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மெகாஃபோனில் கத்துகிறவனுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். அவன் கையைத் தூக்கினால் ஆயிரக்கணக்கானவர்கள் பாடுவார்கள், இறக்கினால் வாயை மூடுவார்கள். வீட்டில் அவன் பேச்சை எங்கள் பூனைகூடக் கேட்காது, அது வேறு விஷயம்.

எங்கள் கடலோர ஊரில் இரண்டு அணிகள். துறைமுகத்துக்காரர்கள் நீலம், பழைய கோட்டைக்குள் இருப்பவர்கள் மஞ்சள். அன்வரின் கூட்டத்துக்குப் பெயர் ‘துறைமுகத்துப் பிள்ளைகள்’. மஞ்சள்காரர்களின் கூட்டம் ‘மதில் காவலர்’. அதன் கபோ ஸுஹைர், முடிதிருத்துகிறவன். அன்வரின் முன்பல் ஒன்று ஸுஹைரால் போனது, ஸுஹைரின் மூக்கு கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருப்பது அன்வரால். இருவருக்கும் கல்யாணமாகி, குழந்தை குட்டி வந்தும் இந்தப் பைத்தியம் தெளியவில்லை. நீலமோ மஞ்சளோ, எனக்கு இரண்டும் ஒன்றுதான், வெட்டிப்பயல்கள்.

ஆனால் மலையில் நிலம் நடுங்கிய அந்தச் செப்டம்பரில் இந்த வெட்டிப்பயல்களை விட்டால் எனக்கு வேறு கதி இருக்கவில்லை.

நான் மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். செய்தி வந்த மறுநாள் காலையிலிருந்து கடை வாசலில் பெட்டி பெட்டியாகக் குழந்தைச் சாமான்கள் குவிய ஆரம்பித்தன. பால் பவுடர், டயப்பர், காய்ச்சல் மருந்து, கம்பளிக் காலுறை. மலையில் இரவுக்கு இரவு குளிர் ஏறும், பிள்ளைகள் வெட்டவெளியில் கிடக்கிறார்கள் என்று கேட்டதும் எங்கள் தெருப் பெண்கள் தங்கள் பிள்ளைகள் போட்டிருந்ததையே உருவிக் கொடுத்தார்கள். ஏற்றிப் போக வண்டிதான் இல்லை. நகராட்சி அலுவலகத்தில் போய்க் கேட்டேன். மனுவை வைத்துவிட்டுப் போங்கள், மேலதிகாரி வரட்டும் என்றார்கள். வெளியே வந்து கோபத்தில் அன்வருக்குப் போன் போட்டேன்.

"எத்தனை லாரி வேணும்?" என்றான் அவன்.

அவ்வளவுதான். சாயங்கால அஸர் தொழுகை முடிவதற்குள் தெரு முழுக்க நீலச் சட்டை. கைக்குக் கை பெட்டிகள் பறந்தன, ஒருவன் மேளம் அடித்தான், மற்றவர்கள் பாடிக்கொண்டே ஏற்றினார்கள். மீன்பிடிப் படகு முதலாளிகள் சேர்ந்து கூடாரங்கள் வாங்கித் தந்தார்கள். அவற்றைப் பூஷாயிப் மாமாவின் லாரியில் ஏற்றினோம். அந்த லாரிக்கு மாமாவின் வயது இருக்கும், இருமலும் மாமாவுக்கு இருக்கிற அளவு இருக்கும்.

"இங்க பாரு," என்றேன் அன்வரிடம். "சாமான் லாரி முன்னாடி போகட்டும். ஆனா கூடார லாரி பின்னாடியே வரணும். மாமா உன் கண்ணை விட்டு மறையக் கூடாது. பால் டின் இல்லாட்டி ஒரு நாள் சமாளிக்கலாம், கூடாரம் இல்லாட்டி பிள்ளைங்க செத்துடும்."

"என்னை என்ன சின்னப் பையன்னு நெனச்சியாக்கா?"

அதைத்தான் நினைத்தேன். நினைத்தது சரியாகவும் போயிற்று.

மறுநாள் விடியலில் கிளம்பினோம், நானும் சாமான் லாரியில் ஏறிக்கொண்டேன். மலையடிவாரப் பெட்ரோல் பங்க் வரைக்கும் ஒழுங்காகத்தான் போனோம். அங்கேதான் பின்னாலிருந்து ஒரு ஹாரன் சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் பிறந்தவனுக்கு அந்தத் தாளம் தெரியும், அது மதில் காவலரின் தாளம். மஞ்சள் துணி கட்டிய லாரி ஒன்று எங்களை உரசிக்கொண்டு முந்தியது. ஜன்னலில் பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டபடி ஸுஹைர் சலாம் போட்டான்.

"மெதுவா வாங்க கண்ணுங்களா! நாங்க போய் அடுப்பு மூட்டி டீ போட்டு வைக்கிறோம்!"

அன்வரின் கழுத்து நரம்பு புடைத்தது. ஓட்டிக்கொண்டிருந்த நபீலின் தோளைத் தட்டினான்.

"அன்வர், வேண்டாம்."

"அக்கா, நீ கண்ணை மூடிக்கோ."

மூடவில்லை, மூடியிருக்கலாம். ஒரு பக்கம் செம்மண் பாறை, மறுபக்கம் பள்ளத்தில் ஆறு, நடுவில் ஒரு வண்டிக்கே போதாத சாலையில் இந்த இரண்டு கூட்டமும் கோப்பை இறுதி ஆட்டத்தை நடத்தினார்கள். வளைவுக்கு வளைவு மஞ்சள் முந்தும், நீலம் முந்தும். பின்னால் பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்த பயல்கள் எட்டிப் பார்த்துப் பார்த்து ஒருவர் அம்மாவை ஒருவர் பாட்டிலேயே விசாரித்தார்கள். நான் தெரிந்த துஆவெல்லாம் ஓதினேன், நடுநடுவே தம்பியையும் திட்டினேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: கடைசி வளைவில் நாங்கள் முந்தியபோது நானும் "போடு!" என்று கத்திவிட்டேன். அந்த வாயை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அப்போதுதான் நிலம் மறுபடி ஆடியது.

பெரிய நடுக்கமில்லை. லாரி ஒருமுறை துள்ளியது, அவ்வளவுதான். ஆனால் எங்கள் பின்னால் மலை கரகரவென்று இறங்கும் சத்தம் கேட்டது. இரண்டு லாரியும் நின்றன. புழுதி அடங்கியதும் பார்த்தால், நாங்கள் வந்த சாலை இல்லை, அந்த இடத்தில் வீடு உயரத்துக்குப் பாறை குவிந்திருந்தது. பூஷாயிப் மாமா அதற்கு அந்தப் பக்கம் எங்கோ இருமிக்கொண்டிருந்தார்.

போனில் பிடித்தோம். "எனக்கு ஒண்ணுமில்ல," என்றார். "பாறைக்கு ரொம்பப் பின்னால இருக்கேன். பட்டாளத்துக்காரங்க புல்டோசர் நாளைக்குத்தான்னு சொல்றாங்க. நீங்கதான் பந்தயத்துல ஜெயிச்சீங்களா?"

அன்வர் போனை அணைத்தான். நான் அவனை ஒன்றும் கேட்கவில்லை. நான் ஒன்றும் கேட்காவிட்டால் அது எவ்வளவு மோசம் என்று அவனுக்குத் தெரியும்.

தமரூத் கிராமத்தில் நின்றிருந்தது ஒரே ஒரு மாட்டுத் தொழுவம்தான். மற்றதெல்லாம் மண். நாங்கள் இறங்கியதும் அந்த மண்ணுக்கு நடுவிலிருந்து பெண்கள் தட்டில் புதினா டீயும் ரொட்டியும் ஆலிவ் எண்ணெயும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். வீடு போய்விட்டது, விருந்தாளிக்கு டீ கொடுக்காமல் இருக்க அவர்களால் முடியவில்லை. எங்கள் பயல்கள் வெட்கத்தில் டீயைக் கொதிக்கக் கொதிக்கவே குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்கள்.

பிள்ளைகள் ஊருக்குக் கீழே, படிப்படியாக வெட்டிய வயலில், வால்நட் மரங்களை ஒட்டிய திறந்த இடத்தில் கம்பளி விரித்துக் கிடந்தார்கள். பாதிப் பேருக்குக் காய்ச்சல். ஒருத்தி மடியில் பிறந்து சில வாரமே ஆன குழந்தை. அவர்களை எல்லாம் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தவள் லல்லா ராக்கியா. லல்லா என்பது எங்கள் பக்கத்தில் பெண்களுக்குக் கொடுக்கிற மரியாதைச் சொல். அந்த ஊரின் பால்வாடி டீச்சர். நாற்பது வயதிருக்கும், ஒடிசலான உடம்பு, அதட்டல் குரல். எங்கள் ஊர்ப் பேச்சும் தெரியும், மலைப் பேச்சும் தெரியும்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வடக்கே காட்டினாள். மலை முகட்டுக்குப் பின்னாலிருந்து கருமேகம் கொப்பளித்து ஏறிக்கொண்டிருந்தது.

"கூடாரம் எங்க தங்கச்சி?"

நான் அன்வரைப் பார்த்தேன். அவன் ஸுஹைரைப் பார்த்தான். ஸுஹைர் தன் செருப்பைப் பார்த்தான்.

"நாளைக்கு வரும்," என்றேன்.

"மழை இப்ப வருதே."

"தொழுவம் நிக்குதில்ல? இல்லாட்டி எங்க லாரிக்குள்ள ஏத்திடலாம். தகர மூடி போட்ட லாரிதான்."

லல்லா ராக்கியா தலையை ஆட்டினாள். "எந்தக் கூரைக்குக் கீழயும் போக மாட்டேங்குதுங்க. தூக்கிட்டுப் போய்ப் பார்த்தேன், கத்திக் கத்தி வலிப்பு வந்துடும்போல இருக்கு. கூரை விழுந்ததைப் பார்த்த பிள்ளைங்க. அதோ இஜ்ஜா, அவளைத் தோண்டி எடுக்கறதுக்குள்ள எங்களுக்கு உயிர் போயிடுச்சு. அதுக்கப்புறம் அவ போர்வையைக்கூடத் தலைக்கு மேல இழுக்க விடமாட்டா."

இஜ்ஜாவுக்கு ஐந்து வயது இருக்கும். ஒரு கை கழுத்தில் கட்டிய துணியில் தொங்கியது. எங்களைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்துக்கொண்டு மல்லாக்கப் படுத்திருந்தாள்.

நம்பாமல் ஒரு பையனைத் தூக்கி லாரியில் உட்கார வைத்துப் பார்த்தேன். அவன் போட்ட அலறலில் எல்லாப் பிள்ளைகளும் அலற ஆரம்பித்தார்கள். இறக்கிவிட்டேன்.

நாலு பக்கமும் திறந்திருக்கிற, வானம் தெரிகிற, தலையில் விழுந்தாலும் வலிக்காத ஒரு கூரை வேண்டும். அதுவும் இப்போதே வேண்டும். டயப்பர் பெட்டிகளைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கையாவது ஒட்டிப் பார்க்கலாம் என்று லாரிக்குள் ஏறிப் பெட்டிகளைத் தள்ள ஆரம்பித்தேன். அடியில், எல்லாவற்றுக்கும் அடியில், கம்பளியில் சுற்றி, சாக்கில் போட்டு, கயிற்றால் கட்டி, ஆள் நீளத்துக்கு ஒரு மூட்டை இருந்தது.

கம்பளியைக் கொஞ்சம் விலக்கியதும் பெயின்ட் வாடை வந்தது. எனக்குத் தெரிந்த வாடை. எங்கள் மொட்டை மாடியில் ஒரு மாதம் இதை விரித்துப் போட்டுத்தான் எழுதினார்கள், எனக்குத் துணி காயப்போட இடமில்லாமல் செய்தார்கள். தடித்த லாரித் தார்ப்பாய், அதன்மேல் பூச்சுக்குமேல் பூச்சாக நீல வண்ணம், ‘துறைமுகத்துப் பிள்ளைகள்’ என்று ஆளுயர வெள்ளை எழுத்து. கூட்டத்தின் பேனர்.

"அக்கா, அதைத் தொடாத!"

அன்வர் ஓடி வந்து லாரியில் தாவினான்.

"பால் பெட்டி வைக்க இடமில்லன்னு நாலு பெட்டியை ஊர்லயே இறக்கி வச்சியே," என்றேன். "இதுக்கு மட்டும் இடம் இருந்துச்சா?"

"எல்லாரும் இங்க வந்துட்டோம். அங்க யாரைக் காவல் வச்சுட்டு வர்றது?"

இந்த இடத்தில் அவர்களின் சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கும் எழுதி வைத்ததில்லை, ஆனால் மீறினவன் கிடையாது. ஒரு கூட்டத்துக்கு ஒரு பேனர்தான். எதிரி கையில் சிக்கியோ வேறு எப்படியோ அது தலைகீழாகத் தொங்குவதை ஊர் பார்த்துவிட்டால் அந்தக் கூட்டம் அன்றோடு செத்தது. கலைத்துவிட வேண்டும். பாட்டு, மேளம், எல்லாம் போச்சு. அந்தப் பெயரை அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்துக்காரன் எவனும் வாயால் சொல்லக் கூடாது. அதனால் பேனரை ஒவ்வொரு மாதமும் ஒரு வீட்டில் ஒளித்து வைப்பார்கள், எந்த வீடு என்று மூன்று பேருக்குத்தான் தெரியும். அன்வர் தன் நிச்சயதார்த்தத்துக்குத் தாமதமாக வந்ததே இந்தத் துணிக்குக் காவல் இருந்ததால்தான். படிப்பு வராமல், வேலை நிலைக்காமல், அப்பாவிடம் உதவாக்கரை என்று பெயர் வாங்கினவன், இந்த ஒரு துணிக்குப் பின்னால் நின்றபோது மட்டும்தான் நிமிர்ந்து நின்றான். அது எனக்கும் தெரியும்.

முதல் துளி என் கையில் விழுந்தது.

"அன்வர்," என்றேன். "இது லாரித் தார்ப்பாய். ஒரு சொட்டு ஒழுகாது."

அவன் மூட்டையைப் பார்த்தான். வெளியே ஸுஹைரின் ஆட்கள் நின்றிருந்தார்கள். ஒவ்வொருவன் கையிலும் போன்.

"அவங்க இருக்காங்கக்கா." என்றான். "அவங்க முன்னாடி எப்படிக்கா?"

"கூடாரத்தை விட்டுட்டு வந்தது யாரு?"

இரக்கமில்லாமல்தான் கேட்டேன். வேறு எதுவும் சொல்ல எனக்கு நேரமில்லை. அவன் என்னை ஒரு கணம் பார்த்தான், பிறகு மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு லாரியிலிருந்து குதித்தான்.

"நபீல்! கயிறு கொண்டா! எல்லாரும் வாங்கடா!"

விரித்ததும் நீலக்காரர்கள் ஒரு நொடி சிலைபோல நின்றார்கள். பிறகு கபோ கையைத் தூக்கினான், பாய்ந்தார்கள். பிள்ளைகள் இருந்த இடத்துக்கு மேல்படி வயல் வெறும் மொட்டை. கட்டுவதற்கு ஒரு குச்சிகூடக் கிடையாது, பாறாங்கல்தான் உண்டு. மரங்கள் இருந்தது கீழ்ப்பக்கம். மேல் விளிம்பைக் கல்லடியில் அழுத்திவிட்டு, கீழ் விளிம்பை மரங்களில் ஆள் உயரத்தில் கட்டினால் நீர் வழிய ஒரு சரிவு கிடைக்கும். காற்று கீழேயிருந்து அடித்தது, அதனால் இழுவை முழுக்கக் கீழ் விளிம்பில்தான். கயிறு கோக்கும் இரும்பு வளையமோ, பேனரின் தலைப்பக்கம் மட்டும்தான் இருந்தது.

நபீலுக்குத்தான் முதலில் புரிந்தது. "கபோ, வளையம் கீழ வரணும்னா..."

"தெரியும்."

"எழுத்து தலைகீழா..."

"தெரியும்டா. கட்டு."

கட்டினார்கள். துறைமுகத்துப் பிள்ளைகள் தமரூத் கிராமத்தில் தலைகீழாகத் தொங்கினார்கள். மஞ்சள் கூட்டத்தில் ஒருவன் மூச்சை உள்ளே இழுத்தது எனக்குக் கேட்டது. அந்த ஒரு படத்துக்காகப் பதினைந்து வருடமாக அவர்கள் சந்து சந்தாகத் தேடியிருக்கிறார்கள். இப்போது போனைத் தூக்கி ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஒரு கை மெல்ல உயர்ந்தது.

ஸுஹைர் காலிப் பால் பெட்டி ஒன்றை எடுத்து அவன் நெஞ்சில் இடித்தான்.

"போனை இதுல போடு."

"கபோ, ஒண்ணே ஒண்ணு. காலம் பூரா பேசுவாங்க நம்மளப் பத்தி."

"போடறியா, இல்ல உன் பல்லையும் சேர்த்துப் போடவா? எல்லாரும் போடுங்கடா!"

போன்கள் டபடபவென்று பெட்டியில் விழுந்தன. கடைசியாகத் தன்னுடையதையும் போட்டுவிட்டுப் பெட்டியை என்னிடம் நீட்டினான். "லல்லா லுப்னா, நீங்க வச்சுக்கங்க. யார் வந்து கெஞ்சினாலும் தராதீங்க. நான் கெஞ்சினாலும்."

மழை பிடித்துக்கொண்டது. பிள்ளைகளைத் துணிக்குக் கீழே நகர்த்தினோம். கீழே இருக்க மாட்டார்கள் என்று எனக்குப் பயம். துணி தொய்ந்து தாழ்ந்திருந்த இடத்தில் இஜ்ஜா மல்லாந்தபடியே மேலே பார்த்தாள். நல்ல கையை நீட்டித் துணியை ஒரு குத்துக் குத்தினாள். அது பொங்கி அடங்கியது. இன்னொரு குத்து. மலைப் பேச்சில் ஏதோ சொன்னாள்.

"இது விழுந்தா விழட்டும்ங்கறா," என்றாள் லல்லா ராக்கியா. அவள் கண் கலங்கியிருந்தது.

ஆனால் ஒரு பேனர் பாதிப் பிள்ளைகளுக்குத்தான் போதுமானதாக இருந்தது. மற்றவர்கள் ஓரத்தில் நனைந்துகொண்டிருந்தார்கள். கைக்குழந்தைக்காரி நின்ற இடமும் நனைந்தது. அன்வர் மழைக்குள் நின்றபடி ஸுஹைரை நோக்கி வந்தான்.

"உன்னுது எங்க?"

"என்னது என்னுது?"

"நடிக்காத. உன் ஆளுங்களும் மொத்தமா இங்கதான் இருக்காங்க."

ஸுஹைர் முகத்து நீரை வழித்தான். பிறகு அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கோணல் மூக்கோடு சிரித்தான். "கடலைமாவு மூட்டைக்கு அடியில," என்றான். "நீயும் கொண்டு வந்திருப்பேன்னு நான் கனவுலயும் நெனைக்கல நாயே."

மஞ்சள் பேனரும் வந்தது. அதற்கும் வளையம் தலைப்பக்கம்தான், அதுவும் தலைகீழாகத்தான் ஏறியது. இரண்டும் சேருமிடத்தில் நீர் இறங்காமலிருக்க ஒன்றின் ஓரத்தை மற்றதற்கு மேலே மடித்துப் போட வேண்டும். யார் மேலே, யார் கீழே என்று அந்த மழையிலும் இரண்டு நிமிடம் சண்டை போட்டார்கள். "யா அல்லாஹ், ரெண்டு பேரும் செருப்படி வாங்கப் போறீங்க!" என்று லல்லா ராக்கியா போட்ட அதட்டலில் மஞ்சள் கீழே போனது.

அன்று இரவு மழை விடவேயில்லை. கயிறு நழுவாமலிருக்க இரண்டு கூட்டமும் மாறி மாறிக் கீழ் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றது. மழைச் சத்தத்துக்குப் பிள்ளைகள் பயப்படும்போதெல்லாம் மெல்லிசாக ஏதாவது பாடினார்கள். கெட்ட வார்த்தை இல்லாத பாட்டைக் கண்டுபிடிக்க அவர்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிள்ளைகள் தூங்கினார்கள். இஜ்ஜாவும் தூங்கினாள், நிலம் ஆடிய பிறகு அவள் இப்படித் தூங்கியதே இல்லை என்று லல்லா ராக்கியா சொன்னாள்.

காலையில் வானம் கழுவி விட்டதுபோல இருந்தது. புல்டோசரின் பின்னால் பூஷாயிப் மாமா இருமிக்கொண்டே வந்து சேர்ந்தார். கூடாரங்களை இறக்கி அடித்தோம். குடும்பத்துக்கு ஒன்று. வெள்ளையாக, புதிதாக, வரிசையாக நின்றபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

பெட்டியைத் திறந்து போன்களைத் திருப்பிக் கொடுத்தேன். நபீல் அன்வரின் காதருகே வந்தான், நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

"கபோ, யாரும் போட்டோ எடுக்கல. ஊருக்குத் தெரியாது. அவங்களுதும் தொங்கிச்சு, அதனால அவங்களும் வாயைத் திறக்க மாட்டாங்க. கழட்டிச் சுருட்டிட்டுப் போயிடலாம். ஒண்ணும் நடக்கல."

உண்மைதான். ஸுஹைரின் ஆட்கள் ஏற்கெனவே ஒரு முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அன்வரின் முகத்தில் ரத்தம் திரும்பியது. பிழைத்துக்கொண்டோம் என்கிற முகம் அது. மரத்துக்குப் போய் முடிச்சில் கை வைத்தான்.

கூடாரங்களில் பிள்ளைகள் இல்லை. தாய்மார்கள் கூப்பிட்டார்கள், கெஞ்சினார்கள். கூடாரத்தின் நடுக் கம்பைப் பார்த்ததுமே பிள்ளைகள் பின்வாங்கினார்கள். ஒவ்வொருவராகத் திரும்பி வந்து இந்தத் துணிகளுக்குக் கீழேயே உட்கார்ந்தார்கள். லல்லா ராக்கியா அவர்களைச் சின்னவர் முன்னால், பெரியவர் பின்னால் என்று வகுப்பில்போல வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். அன்வர் முடிச்சில் கை வைத்திருப்பதைப் பார்த்தாள்.

"எடுத்துக்கோ தம்பி," என்றாள். "ராத்திரி நீங்க செஞ்சதே பெரிசு. கூடாரத்துக்குள்ள போகப் பழக்கிடுவேன். குளிர்காலத்துக்குள்ள பழகிடுவாங்க."

அவள் கெஞ்சியிருந்தால்கூட அவன் மறுத்துவிட்டுத் தப்பித்திருப்பான். அன்வர் அசையாமல் நின்றான். இஜ்ஜா படுத்தபடி துணியைக் காலால் உதைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். என் வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான்.

பிறகு அவன் முடிச்சை அவிழ்க்காமல், அதன்மேல் இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கினான்.

"கபோ!" என்று நபீல் கத்தினான்.

"ஸுஹைர்," என்றான் அன்வர். "இங்க வா."

ஸுஹைர் வந்தான். அன்வர் தன் போனை அவனிடம் நீட்டினான்.

"பதினஞ்சு வருஷமா இதுக்குத்தான அலைஞ்ச? எடு. முழுசாத் தெரியற மாதிரி எடு."

"உனக்குப் பைத்தியமாடா?"

"ஒளிச்சு வச்சுட்டு, போய்ப் புதுசா ஒண்ணு எழுதிக் கட்டச் சொல்றியா? அது பொய்டா. தொங்கினது தொங்கினதுதான். இனி இது இங்கதான் இருக்கும். சட்டம்னா சட்டம். நானே சொல்லிடறேன்."

ஸுஹைர் போனை வாங்கினான், தூக்கினான், இறக்கினான். "என் கையால மாட்டேன்," என்றான். "அடிச்சுப் பிடுங்கியிருந்தா எடுத்திருப்பேன். இப்படிக் குடுத்தா எப்படிடா எடுக்கறது?"

நான்தான் போனை வாங்கினேன். அந்தத் துணியை நான் திட்டாத திட்டில்லை. அதைக் கொளுத்துகிறேன் என்று ஒருமுறை தீப்பெட்டியோடு மாடிக்கே போயிருக்கிறேன். இப்போது கீழே பாதைக்கு இறங்கிப் போய், நீலமும் மஞ்சளும் முழுசாகத் தெரிகிற இடத்தில் நின்றபோது எனக்குக் கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. என் தம்பியின் இளமை முழுக்க அங்கே தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது, அதற்குக் கீழே பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எடுத்தேன்.

அன்வர் அதற்குக் கீழே எழுதினான், எழுதியதை எங்களுக்கு வாசித்தான். "பேனர் தமரூத்ல இருக்கு. யாரும் பறிக்கல. பிள்ளைங்க கூரையைப் பார்த்துப் பயப்படறாங்க, இதைப் பார்த்துப் பயப்படல. இன்னையோட கூட்டம் முடிஞ்சது. இதே மாதிரி துணி இன்னும் பல கிராமத்துக்கு வேணும், யார்கிட்ட இருந்தாலும் கொண்டு வாங்க." ஊரில் இருக்கிற ஆயிரக்கணக்கானவர்களுக்கும் அனுப்பினான்.

ஸுஹைர் தொண்டையைச் செருமினான். "லல்லா லுப்னா, எங்களுதும் அதுல முழுசா விழுந்திருக்கா?"

"விழுந்திருக்கு."

"எனக்கும் அனுப்புங்க." பிறகு தன் ஆட்களைப் பார்த்துக் கத்தினான். "டேய், அவுத்ததைத் திரும்பக் கட்டுங்கடா!"

அவனும் அனுப்பினான். டீ கொதிக்கிற நேரத்துக்குள் எங்கள் ஊரின் இரண்டு கூட்டங்களும் இல்லாமல் போயின. நபீல் ஒரு கல்லில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். மஞ்சள்காரன் ஒருவன் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். எல்லோருடைய போன்களும் அடிக்கத் தொடங்கின, யாரும் எடுக்கவில்லை.

இஜ்ஜா எழுந்து வந்து அன்வரின் காற்சட்டையைப் பிடித்து இழுத்தாள். மேலே எழுத்தைக் காட்டி ஏதோ கேட்டாள்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு கேக்கறா," என்றாள் லல்லா ராக்கியா.

அன்வர் வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். அந்தப் பெயரை இனி அவன் சொல்லக் கூடாது. அண்ணாந்து எழுத்துகளைப் பார்த்தான். பிறகு அவள் உயரத்துக்குக் குனிந்தான்.

"பள்ளிக்கூடம்னு எழுதியிருக்கு," என்றான்.

லல்லா ராக்கியா மலைப் பேச்சில் சொன்னாள். இஜ்ஜா சந்தேகத்தோடு மஞ்சள் துணியையும் காட்டினாள்.

"அதுலயும் அதுதான்," என்றான் ஸுஹைர்.